இரண்டு டம்ளர் சீரகத் தண்ணி

அம்மா இரண்டு டம்ளரில் ஊற்றினாள்.

சீரகத்தை வறுத்துக் கொதிக்கவைத்த தண்ணி. ஒன்றை மகளிடம் நீட்டினாள். இன்னொன்றை, அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு, ஆறக்கூட விடாமல் தானே குடித்தாள்.

"நீ எதுக்கும்மா குடிக்கே?"

"மிச்சம் கெடந்துச்சு. வீணாப் போவுமேன்னுதான்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்கு அவள் வயிறே பெரும்பாடாக இருந்தது.

டாக்டர் குறித்த தேதிக்கு இன்னும் ஒன்பது நாள். தலைப்பிரசவத்துக்கென்று அம்மா வீட்டுக்கு வந்தவள், இந்தப் பத்து நாளில் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டாள். மூன்றும் பொய் வலி. முதல் தடவை கோவையிலிருந்து புருஷன் ரயிலில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தான். இரண்டாம் தடவை போனில் விசாரித்தான். மூன்றாம் தடவை நர்ஸ் அவளையும் கையிலிருந்த பிரசவப் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். "பைய மட்டும் இங்கயே வச்சிட்டுப் போங்களேன். அலைச்சல் மிச்சம்" என்றாள்.

வார்டே சிரித்தது.

மானம் போயிற்று. பன்னீர்க்குடம் உடைந்து தரையெல்லாம் ஓடினாலொழிய இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் போட்டிருந்தாள்.

இன்று காலையிலும் வலி வந்தது. அதனால்தான் சீரகத் தண்ணி. ஸ்கேனைவிட அம்மாவுக்கு அதில்தான் நம்பிக்கை.

"குடிச்சிட்டு அரை மணி நேரம் சும்மா இரி. சூட்டு வலின்னா அடங்கிரும். நெச வலின்னா கூடும்."

நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் நோட்டு. வலி வந்த நேரத்தையெல்லாம் அதில்தான் எழுதி வைப்பாள்.

எட்டு ஐம்பது.

ஒன்பது ஐந்து.

அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

கல்லாக இருந்த வயிறு மெல்ல இளகியது. அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. நல்லவேளை, கிளம்பியிருந்தால் நாலாவது தடவையும் சந்தி சிரித்திருக்கும்.

"அடங்கிட்டும்மா!"



எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். மூட்டு வலிக்காரி. உட்கார்ந்தால் எழ முடியாதென்று கோயிலில்கூட நின்றே கும்பிடுகிறவள். ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருந்தது. இடது தோளை வலது கையால் அமுக்கிப் பிடித்திருந்தாள்.

"எனக்குக் கூடிட்டுட்டி."

என்ன சொல்கிறாள் என்றே முதலில் விளங்கவில்லை.

பிறகு விளங்கியது. வாசலுக்கு ஓடிச் சத்தம் போட்டாள்.

அடுத்த வீட்டு சூசை அண்ணன்தான் மூன்று தடவையும் ஆட்டோ ஓட்டியவர். அவள் போட்ட சத்தத்துக்கு வேட்டியை மடித்துக் கட்டியபடி சாவகாசமாக வந்தார். "சீரகத் தண்ணி குடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார்.

பார்த்ததும் உள்ளே ஓடினார். அம்மாவை ஒற்றை ஆளாகத் தூக்கிப் போய் ஆட்டோவில் கிடத்தினார். பழக்கதோஷத்தில் பிரசவப் பையையும் எடுத்து வைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் அதே நர்ஸ்.

"வந்தாச்சா? எத்தன நிமிசத்துக்கு ஒருக்க வலிக்கு?"

"எனக்கில்ல சிஸ்டர்."

நர்ஸ் அவளைத் தாண்டி ஆட்டோவுக்குள் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அடுத்த நொடி ஸ்ட்ரெச்சர் கேட்டுக் கத்திக்கொண்டு ஓடினாள்.

"நெஞ்சு வலி எப்பயிருந்து இருக்கு?" டாக்டர் அவளைத்தான் கேட்டார்.

அவளுக்குத் தெரியவில்லை. தன் வலியை நிமிடம் பிசகாமல் நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். அம்மாவின் வலி எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை.

ஸ்ட்ரெச்சரிலிருந்து அம்மாவே சொன்னாள். "பத்து நாளா விட்டு விட்டு இருக்கு சார். சூடுன்னு நெனச்சேன்."

பத்து நாள்.

அந்தப் பத்து நாளில் சீரகத் தண்ணி வைத்த அன்றெல்லாம், அடுப்பு மேடையில் இரண்டு டம்ளர்தான் கவிழ்ந்திருந்தன. அவள் பார்த்திருக்கிறாள். இதற்கு முந்தைய மூன்று தடவையும் பார்த்திருக்கிறாள். இரண்டாவது யார் குடித்தது என்று ஒரு தடவையும் தோன்றவில்லை. கன்னத்தில் யாரோ அறைந்ததுபோல் இருந்தது.

"வேர்வையத் துடைக்கத் துணி இருந்தா குடும்மா" என்றாள் நர்ஸ்.

பையைத் திறந்தாள். பிள்ளைக்கென்று அம்மா தன் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, ஓரம் அடித்து, துவைத்து மடித்து வைத்த துணிகள். அத்தனையையும் அள்ளிக் கொடுத்தாள்.

அவசரப் பிரிவின் கதவு மூடிக்கொண்டது.

சூசை அண்ணன் அனுமதிச் சீட்டுப் போடப் போனார். அவள் மட்டும் பெஞ்சில்.

எதிர்ச் சுவரில் கடிகாரம். பத்து பன்னிரண்டுக்கு வயிறு இறுகியது.

இதுவும் பொய்தான் என்று நினைத்தாள்.

பத்து பத்தொன்பது.

பத்து இருபத்தாறு. இடுப்பிலிருந்து சுற்றிக்கொண்டு வந்தது. இதுவரை வந்த எதைப் போலவும் இல்லை. நோட்டைக் கையில் எடுத்தவள் எழுதாமலே மூடினாள்.

நர்ஸ் பத்தடி தூரத்தில்தான் நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தத் தடவை யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் சொன்னால் மாடியிலிருக்கும் பிரசவ வார்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அம்மாவுக்கு இந்தப் பெஞ்சில் ஆள் இருக்காது.

பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பத்து முப்பத்துமூன்றுக்குக் கதவு திறந்தது.

"சண்முகக்கனி கூட வந்தது யாரு?"

அம்மாவின் பெயரைக் கேட்டதும் எழ முயன்றாள். முடியவில்லை. இந்த வலி அடங்க ஒரு நிமிடமாவது ஆகும்.

கையை மட்டும் தூக்கினாள்.