கியர் பாக்ஸா, கிராஸா?

“உயிர் ஊசலாடுது. இன்னும் ஒரு மைல் தாங்காது” என்றார் மிராசுதார் சாம்பசிவம். மல்லாந்து கிடந்தார். நெற்றியில் பட்டை பட்டையாக இருந்தது விபூதி இல்லை, கிரீஸ்.

ஊசலாடியது அவர் உயிரும் இல்லை. அவருக்கு மேலே நின்ற ஜீப்பின் உயிர்.

ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப் அது. லாரி இன்ஜினை அதற்குள் இறக்கி, பின்னால் டிராக்டர் டயர் மாட்டி, பவிசுக்கு முன்சக்கரங்களில் பிளஷர் காரின் வெள்ளி மூடிகளைப் போட்டு, சேற்றில் ஓட ஆசியாவிலேயே இது ஒன்றுதான் என்று சொல்லித் திரிந்தார் மிராசுதார். எந்த மெக்கானிக்கையும் அதன்மேல் கைவைக்க விட்டதில்லை. ஊர் அதற்கு வைத்த பெயர் தவளை.

தவளை இன்றைக்கு ஓடியே ஆகவேண்டும். கிழக்குவெளியில் ஆறு மா நிலத்தில் குறுவை நெல் முற்றித் தலைசாய்ந்து கிடக்கிறது. உழுது நட்டது குத்தகைக்காரி பொன்னுத்தாய். “குத்தகையா? எந்தக் குத்தகை?” என்பது சாம்பசிவத்தின் கட்சி. நாளைக் காலை தாசில்தார் வயலுக்கு வருகிறார். யார் அறுத்து நெல்லைக் கையில் வைத்திருக்கிறார்களோ அவர்கள் பெயரைத்தான் எழுதுவார் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

உள்ளூர்க்காரர்கள் மிராசுதாருக்கு அறுப்பு அறுக்க மாட்டோம் என்று கொடி நட்டுவிட்டார்கள். நாகப்பட்டினத்திலிருந்து வரவழைத்த ஆட்கள் ரயிலடியில் காத்துக் கிடக்கிறார்கள். நடந்து வந்தால் வழியிலேயே மறித்து அனுப்பிவிடுவார்கள். ராத்திரி மழையில் வாய்க்கால் கரை களியாகிவிட்டது. லாரி வராது, மாட்டுவண்டியும் வராது. தவளைதான் போகவேண்டும்.

“எப்பலேர்ந்துடா இந்தச் சத்தம்?”

“நேத்து ரயிலடிக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்துங்க ஐயா” என்றான் டிரைவர் கோவிந்தராசு.

“தண்டவாளத்து ஜல்லி மேல ஏத்துனியா?”

“ஜல்லி பக்கம் போனேங்க. மேல ஏத்தல.”

“வேகமா போனா சத்தம் இல்ல. மெதுவா போனா கடக், கடக். அப்ப கியர் பாக்ஸ்தான்.”

“ஐயா சொன்னா கியர் பாக்ஸ்தாங்க.”

போன வருஷம் நடுச்சேற்றில் இதே தவளையின் ஷாஃப்டு முறிந்து, நாலு ஜோடி மாடு கட்டி இழுத்தார்கள். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். இன்னொரு தரம் அந்தச் சிரிப்பைக் கேட்க சாம்பசிவத்துக்குத் தெம்பில்லை.

கியர் பாக்ஸைப் பிரித்தார்கள். ஆயில் மாற்றிப் பூட்டி, களத்துமேட்டை ஒரு சுற்று வந்தார்கள்.

கடக்.

“கிராஸுடா! ஷாஃப்டு முனையில இருக்கே, அந்தக் கிராஸ் போயிருக்கு!”

“நானும் அப்படித்தாங்க நெனச்சேன்.”

“நெனச்சா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன கேடு?”

“ஐயாவுக்குத் தெரியாததாங்க?”

கிராஸைக் கழற்றி, மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, கிரீஸ் அப்பி மாட்டினார்கள். இன்னொரு சுற்று.

கடக்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிட்ட குரலுக்கு சாம்பசிவம் ஜீப்பின் அடியிலிருந்தே “வேணாம்” என்று கத்தினார். பிறகுதான் ஒன்று தோன்றியது.

“ஏண்டா, தினம் இந்நேரத்துக்கு உன் பொண்டாட்டி சோத்துத் தூக்கோட வந்து நிப்பாளே. எங்க காணோம்?”

“அவளுக்கு இன்னிக்கு வேலைங்க.”

“அறுக்க மாட்டோம்னு கொடிய நட்டுட்டு, அப்புறம் என்னடா வேலை?”

கோவிந்தராசு ஸ்பானரைத் தேடிக் குனிந்தான். “ஐயா… ஸ்பிரிங் பட்டை விரிசல் விட்டிருக்குமோங்க?”

அந்த யோசனை சாம்பசிவத்துக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. நாலு பக்கத்துப் பட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, மறுபடி மாட்டி முடிப்பதற்குள் நிழல் கிழக்கே சாய்ந்துவிட்டது. ஒன்றிலும் விரிசல் இல்லை.

“இது கைக்கு அகப்படாது. காதாலதான் பிடிக்கணும்” என்றார். முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றச் சொன்னார். அடியில் புகுந்து, நீளத் திருப்புளியின் முனையை அச்சில் ஊன்றி, அதன் பிடியைக் காதுக்குள் செருகிக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் தோற்றார்.

“இன்ஜின் வேணாம். சக்கரத்தைக் கையால சுத்து. மெதுவா.”

கடக்.

“இன்னும் மெதுவா.”

கடக்.

“ஆகா! கிட்ட வந்துட்டேன். இனிமே நீ வாயத் தொறக்கக் கூடாது. ஒரு பய மூச்சு விடக் கூடாது!”

கோவிந்தராசு வாயைத் திறக்கவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றபோதும் திறக்கவில்லை. முழங்கால் வரை சேறு, அதில் ஒட்டிய வைக்கோல், மெட்டி போட்ட விரல்கள். அவன் பெண்டாட்டி காளியம்மாள். கோவிந்தராசு இருமினான். மறுபடி, இன்னும் பலமாக இருமினான்.

“என்ன மாமா, காலையில நல்லாத்தானே இருந்தே? ஐயா உள்ளாற போயிட்டாரா? அப்புறமும் ஏன் இதைப் போட்டு உருட்டிக்கிட்டு நிக்கிற?”

திருப்புளி நழுவிக் கீழே விழுந்தது. அது இல்லாமலே சாம்பசிவத்துக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது.

“பொன்னுத்தாய் அக்கா நெல்ல அறுத்து அவங்க களத்துக்குக் கொண்டு போயாச்சு, சக்கர மூடிக்குள்ள நீ போட்ட ஜல்லிய எடுத்துடு.”