போனது ஒன்று

ராணுவ விமானம் மலையில் விழுந்தபோது அதில் ஐந்து பேர் இருந்ததாகத்தான் பதிவு. இளவயதில் மூட்டை தூக்க அதில் ஏறிப்போன என் தாத்தா ஆறாவது ஆள். "ஏறினவங்க பட்டியல்ல அவர் கைநாட்டு இல்லையேம்மா," என்று ஆவண அலுவலகத்தில் கையை விரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் கையெழுத்துப் போட்டவள் நான். மனு மேல் மனு எழுதியும் அதே பதில்தான்.

இடத்தையே படம் பிடித்து அவர்கள் மேசையில் போடுகிறேன் என்று தனியாக மலையேறினேன். சிதைந்த விமானக் கூட்டுக்குள் ஐந்து இருக்கைகள்தான் இருந்தன. வால்பக்கம் மூட்டை கட்டும் வளையங்கள்.

"இங்கதான் உட்கார வெச்சாங்களா? வா தாத்தா, வீட்டுக்குப் போகலாம்," என்று ஆத்திரத்தில் கத்திவிட்டு இறங்கினேன்.

அடிவாரச் சோதனைச்சாவடியில் காவலர் பதிவேட்டை நீட்டினார். போனது ஒன்று, வந்தது இரண்டு என்று எழுதியிருந்தார்.

"நான் ஒருத்திதானே சார் போனேன்?"

"உங்க அண்ணன் இப்பத்தானே முன்னால போனாரு? அதே மூக்கு. படிச்ச பொண்ணு, அவருக்கு ஒரு கையெழுத்து சொல்லித் தரக்கூடாதா?"

கடைசி வரியில் ஒரு கைநாட்டு. மை இன்னும் காயவில்லை.

"தப்புன்னா அடிச்சிடறேன்," என்று பேனாவை எடுத்தார்.

நான் கேமராவைத் திறந்தேன்.

"அடிக்காதீங்க சார். பக்கத்துல முத்திரை குத்துங்க."