நேராக்காத கண்ணாடி

எதை வாங்கினாலும் முதலில் குறை சொல்லிவிட்டுத்தான் தொடுவோம், வியாபாரக் குடும்பம். புது டெலஸ்கோப்பைப் பின்கட்டில் நிறுத்தி, வெளிச்சம் இருக்கும்போதே தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைக் குறிவைத்தேன். உள்ளே தெரிந்ததோ, என்றோ இடித்துவிட்ட எங்கள் பழைய வீட்டின் மொட்டைமாடி. கண்ணாடி கோணல் என்று, அதை நேராக்கும் திருகைத் தேடினேன்.

"தள்ளுடா," என்று அக்கா கண் வைத்தாள். "அம்மா துணி காயப்போடுறாடா! தலைகீழா!"

"இதுல எல்லாமே தலைகீழாத்தான் தெரியும்க்கா."

"அவ செத்துப் பத்து வருஷமாச்சு. நீ தலைகீழுக்குச் சமாதானம் சொல்றியா?"

"கண்ணாடியை நேராக்கினா நிலா பளிச்சுன்னு தெரியும். இது போயிடும்."

"நிலா எங்கடா ஓடப்போகுது? திருகுல கை வெச்சே, ஒடிச்சிடுவேன்."

அன்றிலிருந்து தினமும் மாலையில் முறைவைத்துப் பார்க்கிறோம். கொடியில் அக்காவின் பள்ளிச் சீருடையும் என் அரைக்கால்சட்டையும் காயும்.

அக்கா போன வாரம் வாங்கிய பச்சைச் சட்டையைக் காணோமென்று காலையிலிருந்து வீட்டையே புரட்டிக்கொண்டிருக்கிறாள். நேற்று என் முறையில் பார்த்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துபோய் அவளே திருகைத் திருகிக் கண்ணாடியை நேராக்கிவிடுவாள். அம்மா அந்தச் சட்டையை இரண்டு முறை உதறி, கழுத்துச் சுருக்கத்தை விரலால் நீவி, சீருடைக்குப் பக்கத்தில் போட்டாள்.