முன்பக்கம் சாய்ந்த கம்பம்

"கண்ணாடிக் கூண்டுக்குப் பின்னால ஏரியல் கம்பம் நேரா நிக்குதா, சாய்ஞ்சா?" என்று கேட்டார் தச்சர் தேவதாஸ்.

பத்து பெரெண்டாம் என்ற ஊரின் விமானத் திடலில் சப்பான்காரனுக்குச் சமைக்கும் அலாவுதீன், "முன்பக்கம் சாய்ஞ்சிருக்கு, அண்ணே. வயித்துக்கடியில எண்ணெய்த் தொட்டி தொங்குது," என்று கிசுகிசுத்துவிட்டுப் போனார்.

தின்றுகொண்டிருந்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் போட்டாள் அவர் மனைவி ருக்மணி. "சப்பான்காரன் சண்டை விமானத்தையா உளவு பாக்கிறீங்க? தலையைச் சீவிடுவான்! ஆடாத முக்காலி செய்யத் தெரியல, இதுல வேவு வேற!"

"சத்தம் போடாத, ருக்கு. வெளிய தெரிஞ்சாத்தான் தலை போகும்."

மறுவாரம் வாசலில் ராணுவ லாரி வந்து நின்றது. ருக்மணி ஓடிப்போய்க் கணவனை மறைத்து நின்றாள். "ஐயா, அவரு ஒண்ணும் தெரியாதவரு!"

அதிகாரி தேவதாசைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். சிப்பாய்களுக்குக் குனிந்தே கூன் விழுந்திருந்த காஜா பெராங் ஊரே வாயைப் பிளந்தது.

"குண்டு போட வருபவனை ஏமாற்ற நீ செய்த மரவிமானம் பாகுஸ், மிக நன்று!" என்றார் அதிகாரி அரைகுறை மலாயில். "எங்கள் விமானியே ஏறி உட்கார்ந்து, கிளம்பவில்லையென்று மெக்கானிக்கை அறைந்துவிட்டான்!"

"அச்சு அசலா செய்யணும்னான், கிட்டப் போய்ப் பாக்க விடல. ராணுவ ரகசியமாம்!" என்று மனைவியின் காதில் சொல்லிச் சிரித்தார் தேவதாஸ்.

பரிசாக வந்த அரிசி மூட்டையை ருக்மணி முக்காலியில் வைத்தாள். அது ஆடியது. முதல்முறையாக அவள் அதைப் பழிக்காமல், தன் காலாலேயே அதற்கு முட்டுக்கொடுத்தாள்.