கறார் மோடு

எந்தெந்த அறை காலி என்று சுலைகா தட்டிய கேள்வியை டேட்டாபேஸ் ஐந்தாவது முறையாகத் திருப்பியடித்தது. கடைசியில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது.

காரைக்குடி ஹோட்டலில் அவளோடு முன்பதிவு பார்க்கும் விசாலாட்சிக்குக் காலையிலிருந்து இதைப் பார்த்துப் பார்த்தே அலுத்துவிட்டது.

"இந்தக் கறார் மோடை எடுத்துட்டுத் தாராள மோடு போடுங்கக்கா. பாதி எழுதினாலே மிச்சத்தை அதுவே யூகிச்சுக்கிரும்."

"வேணாம் விசாலு. முழுசாவே எழுதிர்றேன்."

இது என்ன வீம்பு என்று விசாலாட்சிக்கு எரிச்சலாக வந்தது.

சுலைகாவின் போன் அடித்தது. வீட்டுக்காரர். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே பேசினாள்.

"அந்த இது எங்க?"

"பீரோ மேல்தட்டுல, பச்சைப் பையில இருக்கு."

"அவுக என்ன சொன்னாக?"

"வெள்ளிக்கிழமை வாராகளாம்."

"அப்ப அதைச் செஞ்சிரு."

"நேத்தே செஞ்சிட்டேங்க."

போன் அடங்கியது. விசாலாட்சி திகைத்துப் பார்த்தாள்.

"எது, யாருன்னு அண்ணன் ஒண்ணுமே சொல்லலையேக்கா?"

"இருபத்திரண்டு வருஷமா சொன்னதில்ல."

சுலைகா அரைப்புள்ளியை வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"யூகிச்சு யூகிச்சு நான் படுற பாடு போதும். இந்த மெஷினாச்சும் சொன்னதை மட்டும் செஞ்சிட்டு நிம்மதியா இருக்கட்டும்."