டார்சி வாங்கும் மீட் பை

"மாட்டினான்யா நம்ம சைவம்!"

கையைத் தேய்த்துக்கொண்டே ஆபீசுக்குள் வந்தான் நெவில். ஆஸ்திரேலியாவின் பல்லராட் ஊரில் மே மாதம் குளிர்தான்; ஆனால் அதற்காக அல்ல, அவன் காரில் ஹீட்டர் போட்டுக்கொண்டு வருகிறவன். கையைத் தேய்த்தது சந்தோஷத்தில்.

"யாரு, டார்சியா?" என்றாள் பில் போடும் மொரின்.

"அவனேதான். காலங்காத்தால எங்க ஊர் பேக்கரி வாசல்ல பைக்கை நிறுத்திட்டு மாட்டுக்கறி அடைச்சு சுட்ட மீட் பை ரெண்டு வாங்கறான். நேத்தும் வாங்கினான். என் கண்ணால பார்த்தேன்!"

"அடப்பாவி! அவன் பேச்சைக் கேட்டுத்தானே இனிமே வெள்ளிக்கிழமை பார்பிக்யூல காய்கறி மட்டும்தான்னு கிளெனிஸ் சொல்லிட்டாங்க?"

கிளெனிஸ்தான் முதலாளி. இந்தக் குழாய்க் கம்பெனியில் நெவிலுக்குப் பிடித்த ஒரே விஷயம் வெள்ளிக்கிழமை பார்பிக்யூவில் சுட்டுத் தரும் கறி சாசேஜ். அதிலும் மண்ணைப் போட்டுவிட்டான் டார்சி. விடுவானா நெவில்?

டார்சி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். மூக்கு சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது. கிளெனிஸ் காதில் விழும்படி நெவில் ஆரம்பித்தான்.

"ஏம்ப்பா டார்சி, இன்னிக்கு என்ன டிபன்? கீரையா, மாட்டுக்கறியா?"

டார்சி சிரித்துவிட்டான். "பார்த்துட்டியா? வாங்கறது நிஜம். தின்னது கிடையாது."

"வேற என்ன, பூஜை பண்றியா?"

"யோவ், அரை மணி நேரம் பைக்ல வந்து பாரு, தெரியும். குளிர் எலும்பைக் கடிக்குது. சுடச்சுட ஒரு மீட் பையைக் கோட்டுக்குள்ள நெஞ்சோட வெச்சுக்கறேன். பாதி தூரம் வரைக்கும் பல்லு தந்தியடிக்காம வரலாம்."

"இதென்னடா கூத்து!" என்றாள் கிளெனிஸ். "அதுக்குக் காய்கறி பை வாங்கக்கூடாதா?"

"வாங்கிப் பார்த்தேன் கிளெனிஸ். ஊர் எல்லையிலயே ஆறிப்போகுது. மீட் பைக்குள்ள இருக்கற கறிக் குழம்புதான் சூடு தாங்குது."

"சரி, ரெண்டாவது?" விடவில்லை நெவில்.

டார்சி நெளிந்தான். "பொம்பளைங்க இருக்காங்க, விடேன்."

"சொல்லுடா!" என்றாள் கிளெனிஸ்.

"பேன்ட்டுக்குள்ள. பின்பக்கம். அது மேல உக்காந்துதான் வர்றேன்."

ஆபீசே சிரித்தது. நெவில் மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கைநழுவிப் போய்க்கொண்டிருந்ததே!

"சும்மா கதை விடாதே! அப்புறம் அந்த ரெண்டையும் என்ன பண்றே? ஒளிஞ்சு நின்னு நீதானே முழுங்கறே?"

"சத்தியமா இல்ல. தூக்கிப் போட மனசு வரல. உறையோட டீ ரூம் தட்டுல வெச்சிடறேன். யாரோ பசிச்ச புண்ணியவான், தினமும் பத்து மணிக்குள்ள ரெண்டையும் காலி பண்ணிடறான்."

மொரின் மெதுவாகத் திரும்பி நெவிலைப் பார்த்தாள்.

"நெவில்... அந்த டீ ரூம் பை ரெண்டும் கிளெனிஸ் நமக்காக வாங்கி வைக்கறதுன்னு சொல்லிச் சொல்லி, நீதானே சாஸ் ஊத்தித் தின்னுட்டு விரலை வேற நக்குவே?"

நெவிலின் முகம் பச்சையாகி, வெளுத்து, மறுபடி பச்சையானது.

கிளெனிஸ் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள். "சரிப்பா, ஆள் சுத்தமான சைவம்தான். இப்ப நீ சொல்லு நெவில், வெள்ளிக்கிழமைக்கு உனக்கு மட்டும் ரெண்டு சாசேஜ் போடச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் கிளெனிஸ்," என்றான் நெவில். "எனக்கும் காய்கறியே போதும்."