பெயர் மாறிய பாட்டு

ஒரகடத்துக் கம்பெனி வாசலில் ஷிப்ட் வேன் நிற்கிறது. இந்த வேனின் பென்டிரைவில் வேலைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பிடித்த பாட்டு அவளவள் பெயரிலேயே உண்டு, கண்ணுகளா. பிரஸ் மிஷினில் விரல் நசுங்கி, மறுபடி வேலை கேட்டு வந்து, வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட ஏலவார்குழலி முன்சீட்டில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருக்கிறாள். நீல வெளிச்சம் வழியும் பாட்டுப்பெட்டித் திரையில் தன் பெயரைத் தேடுகிறாள். இல்லை.

"இன்னாண்ணா, என் பாட்டு எங்க?"

"உன் மிஷினுக்கு ஷெர்லின் வந்துச்சில்ல, பேர மட்டும் மாத்திட்டேம்மா. பாட்டு அப்டியேதான் கீது," என்கிறார் டிரைவர் பொன்னுரங்கம்.

"அய்ய, எல்லாம் பழசு. அழிச்சிடுண்ணா," என்று பின்சீட்டிலிருந்து சிரிக்கிறாள் ஷெர்லின்.

ஏலவார்குழலி திரும்புகிறாள். "அழிச்சிக்கோ. பிரஸ் சிக்கிச்சின்னா மட்டும் கைய உள்ள வுடாத. சூப்பர்வைசர் கத்துனாலும் வுடாத."

பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஷெர்லின் தன் விரல்களைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொள்கிறாள்.